கீழ்க்காற்றுக்கு இடப்பக்கம்

சிவசுப்பிரமணியம் ‘இயற்கை எய்தினார்’ என்பது வரைக்கும் அடித்து முடித்துவிட்டு அண்ணனுடைய நல்ல போட்டோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, சித்ராதேவி பின்னாலிருந்து வந்து அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

“அனுப்பிப் போட்டீங்களா சித்தப்பா?”

“இல்ல கண்ணு. போட்டோ ஒண்ணு லட்சணமாப் பாத்துப் போடலாம்னு…”

“வேண்டாங்க. இப்பத்திக்கு யாருக்கும் அனுப்பாதீங்க.”

அப்பா தண்டாயுதபாணி போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அம்மா ஊட்டிய இரண்டாவது கரண்டிக் கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்ததால் யாரும் எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் சித்ராதேவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாடையைச் சுற்றித் துணி கட்டியதும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும் அவள்தான். ஆனால் அதையெல்லாம் தான்தான் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“ஏஞ் சாமி, எழவு சொல்லாம எத்தன நேரம் வெச்சிருக்க முடியும்?” என்றார் சித்தப்பா.

சொந்தத்தில் யார் போனாலும் முதல் செய்தி சித்தப்பாவின் போனிலிருந்துதான் கிளம்பும். அதில் அவருக்கு ஒரு பெருமை. ‘நம்ம சொந்தபந்தம்’ என்று இருநூற்றுப் பதினான்கு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவை அவர்தான் கட்டி மேய்க்கிறார். கூடப் பிறந்த அண்ணன் சாவைச் சொல்ல விடமாட்டேன் என்கிறாளே என்று அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“அதுல தம்பியும் இருக்கறானுங்க. இன்னும் மெட்ராஸ்ல எறங்கல. எறங்கி போன ஆன் பண்ணுனதும் உங்க மெசேஜ்தான் மொதல்ல வந்து நிக்கும்.”

தம்பி என்றால் வேல்குமார். டாக்காவில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். காலை விமானத்தில் ஏறிவிட்டான். பதினொன்றே காலுக்குச் சென்னை. அங்கிருந்து ஒன்று பத்துக்குக் கோயமுத்தூர் விமானம். சாயங்காலம் நான்கு மணிக்குள் திருப்பூர் ராயபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவான்.

“அவனுக்குத் தெரியத்தான வேணும்? பெத்த மகனுக்கே மறைக்கறதா?”

“மறைக்கலீங்க சித்தப்பா. அவன் கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்குது.”

அன்று காலை ஆறு மணிக்கு வேல்குமார் டாக்கா விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் நெஞ்சின்மேல் போனை வைத்தார்கள். அப்பா கண்ணைத் திறக்காமலே எத்தனை மணிக்கு ஏறுகிறாய் என்று கேட்டார். அவன் சொன்னதும் பேச்சு நின்றுபோயிற்று. தூங்கிவிட்டார் என்று அம்மா போனை எடுக்கப் போனபோது குரல் வந்தது.

“சோத்தாங்கைப் பக்கம் வாங்கிக்க. கரையெல்லாம் அந்தப் பக்கந்தான். கோதாவரி கடல்ல விழுகறது தெரியும். தூங்கிப் போட்டு வந்தராத.”

“செரிங்கப்பா. மெட்ராஸ்ல இருந்து கோயமுத்தூருக்குங்க?”

“அத இப்பச் சொல்ல முடியாது. காத்து எப்படின்னு பாக்கோணும். மெட்ராஸ்ல எறங்கிக் கூப்புடு. சொல்றேன்.”

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டும், தண்ணீர் போதும் என்பது மட்டும்தான்.

விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்பதைத் தண்டாயுதபாணி அளவுக்குச் சொல்லத் தெரிந்தவர் திருப்பூரில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் விமானத்தில் ஏறியதே கிடையாது. தங்கதுரையின் எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஆபீஸ் வேலை. பெட்டி அனுப்புவது, சாம்பிள் அனுப்புவது, முதலாளிக்கும் சரக்கு வாங்க வந்து போகிற பையர்களுக்கும் டிக்கெட் போடுவது. டிக்கெட் போட்டதோடு வேறு யாருக்கும் வேலை முடிந்திருக்கும். இவருக்கு முடியவில்லை. இரண்டரை மணி நேரம் ஒரு மனுசன் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வருவானே, அவன் கண்ணுக்கு நல்லதாக நாலு தெரிய வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது.

பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று வைத்திருந்தார். ஏறுகிற ஊரில் ஒரு குண்டூசி, இறங்குகிற ஊரில் ஒரு குண்டூசி, நடுவில் பனியன் நூல் ஒரு இழை. நூலுக்கு இந்தப் பக்கம் என்ன மலை, அந்தப் பக்கம் என்ன ஆறு என்று பார்ப்பார். பிறகு நேரத்தைப் பார்ப்பார். காலையில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசும். மலையே இருந்தாலும் தெரியாது. பிறகு மாதத்தைப் பார்ப்பார், மேகத்துக்காக. ஜெர்மனி போன பையர் ஒருவர் சொன்ன வழியும் அட்லஸ் நூல் காட்டிய வழியும் ஒத்துவரவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். எட்டாவது நாள் கடைவீதிக்குப் போய் ஒரு உலக உருண்டை வாங்கி வந்து, அதில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். நூல் வேறு வழியாக, அந்தப் பையர் சொன்ன வழியாகவே போயிற்று. பத்தாம் வகுப்புத் தாண்டாத மனிதர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சித்ராதேவி அதற்குப் பிறகு தன் கல்யாணத்தன்றுதான் பார்த்தாள்.

டில்லியிலிருந்து பாக்டோக்ராவுக்குப் போன புதுமணத் தம்பதிக்கு இடப்பக்கம் வாங்கிக் கொடுத்து, இமயமலையைத் தலையணை உயரத்தில் பார்க்க வைத்தவர். பம்பாயிலிருந்து காலையில் கோயமுத்தூர் வருகிறவர்களுக்கு வலப்பக்கம், றெக்கைக்குப் பின்னால் என்று சீட்டு நம்பரோடு சொல்லுவார். பிறகு இதே வேலையாயிற்று. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்ட்காரர்கள், டாக்டர்கள், மகனைப் பார்க்க அமெரிக்கா போகிற வாத்தியார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகும் போன் நிற்கவில்லை. ஒரு பைசா வாங்கினதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒருத்தரைக் காக்க வைத்ததும் இல்லை.

முதலாளி இரண்டு தடவை அவருக்கே டிக்கெட் கொடுத்தார். இரண்டு தடவையும் இவர் வேறு யாரையாவது அனுப்பிவிட்டார். பயம் என்று ஆபீஸில் கேலி பேசினார்கள். சித்ராதேவியும் ஒரு நாள் கேட்டாள்.

“பயமெல்லாம் என்ன கண்ணு? ஏறுனா ஒரு பக்கந்தான உக்கார முடியும்? இங்க இருந்தா எனக்கு ரெண்டு பக்கமும் தெரியுது” என்றார்.

அவர் சொன்னது மெய்தான் என்று சித்ராதேவிக்கு இப்போது பட்டது.

“அவன் மெட்ராஸ்ல எறங்கிக் கூப்புடுவான் சித்தப்பா. எந்தப் பக்கம்னு கேப்பான். அப்பா சொல்றேன்னு சொல்லியிருக்காரு. அவன் அப்பா சொன்ன பக்கம் உக்காந்து வரட்டும். கோயமுத்தூர்ல எறங்குனதுக்கப்பறம் தெரிஞ்சாப் போதும்.”

“நாளைக்கு அவன் உன்ற மூஞ்சில முழிக்க மாட்டான். எங்கக்கா என்கிட்டயே பொய் சொன்னாள்னு கடைசி மட்டும் மனசுல வெச்சிருப்பான். நல்லா யோசன பண்ணிக்க.”

அந்தப் பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. தம்பி ஒரு வார்த்தையை மனதில் வைத்தால் எடுக்க மாட்டான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அமராவதி கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து, புருசனின் நெற்றியில் திருநீறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்ன செய்யட்டும் என்று மகள் கேட்டதும் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“சொல்றேன்னு சொன்ன மனுசன் சொல்லாமப் போனாருன்னு இருக்க வேண்டாம்.”

அவ்வளவுதான். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். ஆனால் மூடின வாயைச் சங்கடத்தோடு மறுபடி திறந்தார். ‘கண்ணீர் அஞ்சலி’ பிளக்ஸ் ஒன்றுக்கு முன்னமே சொல்லிவிட்டாராம். எட்டுக்குப் பத்து. அந்தக் கடைக்காரன் அடிக்கிற பிளக்ஸையெல்லாம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறவன். அவன் வேல்குமாரோடு ஒன்றாகப் படித்தவன் வேறு. சித்ராதேவியின் புருசன் தீனதயாளன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வீட்டுக்குள் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள், இரண்டு அத்தைமார்கள், மாடி வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். சித்ராதேவி சமையலறையிலிருந்து அன்னக்கூடையை எடுத்து வந்து நடுவீட்டில் வைத்தாள். கம்பெனியில் ஆர்டர்களை விரட்டி முடிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு குரல் அமைந்திருந்தது. அந்தக் குரலில் சொன்னாள்.

“எல்லாரும் போன இதுல போடுங்க. ஒண்ணு பத்து வரைக்குந்தான். யாரும் கோவிச்சுக்காதீங்க.”

சோறு வடிக்கிற கூடையில் பதினான்கு போன் விழுந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன அத்தைதான், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவாளே என்று ஒருமுறை முனகினாள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி தங்கதுரை உள்ளே வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். ஆரஞ்சுப் பழப் பையோடு கட்டில்முன் நின்றுவிட்டார். விஷயத்தைக் காதோடு சொன்னார்கள். கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்கிற மனுசன், தன் இரண்டு போனையும் எடுத்துக் கூடையில் போட்டார். பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சித்ராதேவியின் போன் அடித்தது.

சாவு வீட்டில் அழுகையை அடக்குவது எப்படியென்று யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பெரிய அத்தை சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரர் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார்.

“அக்கா, எறங்கிட்டேன். அப்பாகிட்டக் குடு.”

“தூங்கறாருடா” என்றாள். குரல் பிசகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் சொன்னான்.

“கோதாவரி தெரிஞ்சுது. சொல்லோணும் அவருகிட்ட. கவுண்டர்ல நிக்கறேன். எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்றியா?”

“அஞ்சு நிமிசம் இரு. எழுப்பிக் கேட்டுட்டுக் கூப்புடறேன்.”

போனை வைத்ததும் தங்கதுரை கிசுகிசுத்தார். “சோத்தாங்கைப் பக்கந்தான் கண்ணு. எனக்கு எப்பவும் அதான் சொல்லுவாரு. பவானிசாகர் டேம் தெரியும், நீலகிரி தெரியும்.”

“அது மேக்காத்து அடிக்கறப்பங்க. இது ஐப்பசி.”

தங்கதுரைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் அவர் மனைவியோடு சென்னையிலிருந்து திரும்பினார். மலையைப் பார்க்க வேண்டுமென்று அந்த அம்மாளுக்கு ஆசை. தண்டாயுதபாணி சொன்னபடி வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். விமானம் அன்றைக்கு ஊரைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கமாகத் திரும்பி இறங்கியது. அம்மாள் கண்டதெல்லாம் கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும். தங்கதுரை அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தண்டாயுதபாணிக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார். விமான நிலையத்துக்குக் கிழக்கே அவினாசி ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நின்று, எந்த விமானம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பொழுது சாயும்வரை பார்த்தார். இப்படி நான்கு ஞாயிறு. கடைசியில் திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தப்பு என்ற மேலதானுங்க. காத்தக் கேக்காமச் சொல்லிப் போட்டேன்.”

காற்றுக்கு எதிர்முகமாகத்தான் விமானம் இறங்கும், ஏறும். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் விமானம் கிழக்கேயிருந்து வந்து இறங்கும், வலப்பக்கம் நீலகிரி. கிழக்கிலிருந்து கீழ்க்காற்று அடித்தால் ஊரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வரும். அப்போது இடப்பக்கம் வெள்ளியங்கிரி. காற்றை வீட்டிலிருந்தபடி கேட்பதற்கும் ஒரு வழி செய்து வைத்திருந்தார். புளியமரத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில்தான் நான்கு ஞாயிறும் டீ குடித்தது. அந்தப் பேக்கரிக்காரருக்குப் போன் செய்தால் போதும்.

அப்பாவின் போன் தலையணைக்குக் கீழே இருந்தது. எடுக்கும்போது அவர் தோளில் கை பட்டது. சித்ராதேவி அந்தப் போனிலிருந்தே ‘பேக்கரி மாரப்பன்’ என்று இருந்த எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுங்கண்ணா!” என்று எடுத்த எடுப்பில் பெரிய குரல் வந்தது. பின்னால் டீ ஆற்றுகிற சத்தம். “என்னங்க, நாலஞ்சு நாளாச் சத்தத்தையே காணம்? இன்னிக்குக் கெழக்காத்துங்க. காத்தாலருந்து எல்லாம் நம்ம தலைக்கு மேல ஏறித்தான் போகுது. எறங்கறது ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரலீங்க. மேக்க மேகம் கொஞ்சம் கலைஞ்சிருக்குது. அண்ணா? கேக்குதுங்களா?”

இவள் ஒன்றுமே கேட்கவில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். இத்தனை வருடமாக அப்பா என்ன கேட்பார் என்பது அந்த மனிதருக்கு மனப்பாடம்.

“கேக்குதுங்க. நான் அவரு புள்ள பேசறேன்.”

“அப்படீங்களா? அண்ணன் ஊட்டுல இல்லீங்களா?”

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“இருக்கறாருங்க.”

“செரிங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

அந்த நிமிடம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கவுண்டரில் தம்பி நிற்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

“பீச்சாங்கைப் பக்கம்டா. எறக்கைக்கு நல்லாப் பின்னால. இன்னிக்குக் கெழக்காத்து, சுத்திப் போட்டுத்தான் எறங்கும். வெள்ளியங்கிரி தெரியும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அப்பா சொன்னதுபோல் இருக்காது என்று தோன்றியது. “வெய்யில் அந்தப் பக்கந்தான் அடிக்கும். அதுக்குன்னு ஜன்னல மூடிப் போடாத. கைய வெச்சு மறைச்சுட்டுப் பாரு.”

பின்னால் யாரையோ பெயர் சொல்லி அழைக்கிற விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

“அப்பா சொன்னாரா?”

“ஆமாடா.”

“செரிக்கா” என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒன்று பத்து வரைக்கும் அந்த வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. செய்தி தெரியாமல் நலம் விசாரிக்க வந்த இரண்டு பேரைச் சித்தப்பாவே வாசலில் மடக்கி உள்ளே இழுத்துப் போனைப் பறிமுதல் செய்தார். எழவு சொல்வதில் ஊரை மிஞ்சியவர், எழவை மறைப்பதிலும் ஊரை மிஞ்சிவிட்டார். தீனதயாளன் பிளக்ஸ் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒன்று பதினைந்துக்குத்தான் மெஷினைப் போட விட்டான். விமானம் கிளம்பிவிட்டது என்று மாடி வீட்டுக்காரர் மகன் லேப்டாப்பில் பார்த்து வந்து சொன்னான். சித்ராதேவி கூடையிலிருந்து சித்தப்பாவின் போனைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இப்ப அனுப்புங்க சித்தப்பா.”

அவர் அனுப்பவில்லை. போனை மடியில் போட்டுக்கொண்டு, “அண்ணா” என்று ஒரு கூப்பாடு போட்டார். அதுவரை வாயில் சேலையை வைத்திருந்த பெரிய அத்தை அதை எடுத்தாள். பிறகு அந்த வீதிக்கே தெரிந்துவிட்டது.

மூன்று மணிக்குள் வீதி நிறைந்துவிட்டது. ஷாமியானா போட்டார்கள். குளிர்பெட்டி வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சித்ராதேவிக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தனக்கு எந்த ஊருக்கு எந்தப் பக்கம் சொன்னார் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார்கள். ஒரு கண் டாக்டர் வந்திருந்தார். வடக்கே சொந்த ஊருக்கு முதல் தடவை விமானத்தில் போன தையல்காரன் ஒருவன், தண்டாயுதபாணி சொல்லிக் கேட்டு வாங்கிய ஜன்னலில் தன் ஊர் ஆற்றையே கண்டுபிடித்ததாக, பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொல்லி அழுதான். இப்படி ஒரு மனுசனோடு தான் ஒரே வீட்டில் சோறு தின்று வளர்ந்தோமே என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. துக்கத்துக்கு நடுவே இந்தப் பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மின்மயானத்தில் ஐந்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நான்கு மணிக்கு அமரர் ஊர்தி வாசலில் வந்து, எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. நான்கு அடித்து ஐந்து நிமிடத்தில் வேல்குமார் வந்து இறங்கினான்.

தீனதயாளன்தான் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தான். வழியில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் ஒன்றும் கேட்கவில்லை. வேல்குமார் பெட்டியிடம் போகவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் கால் கழுவினான். சித்ராதேவி பின்னாலேயே துண்டை எடுத்துக்கொண்டு போனாள். இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு அவன் திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

“தம்பி, நீ போன் பண்ணும்போதே அப்பா…”

“தெரியுங்க்கா.”

“யாரு சொன்னாங்க? சித்தப்பாவா?”

“நீதான் சொன்ன. தூங்கறாருன்னு.” அவன் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தான். துடைத்த முகம் உடனே மறுபடி நனைந்தது. “ஒருத்தன் ஏர்போர்ட்ல சீட்டுக்கு நிக்கறப்ப அந்த மனுசன் தூங்குவாராக்கா? ஆப்ரேசன் பண்ணி மயக்கத்துல கெடந்தப்பவே ஆருக்கோ துபாய்க்குச் சொன்னவரு.”



“அப்பறம் எதுக்குடா எந்தப் பக்கம்னு கேட்ட?”

“நான் கேக்கலீன்னா உனக்குத் தெரிஞ்சு போயிருமில்ல, எனக்குத் தெரியும்னு.” அவன் குழாயை இறுக்கி மூடினான். “நீ காத்தெல்லாம் விசாரிச்சுச் சொன்ன. வெய்யிலக்கூடச் சொன்ன. இடது பக்கம் ஜன்னல் காலி இல்லீன்னாங்க. ஒருத்தர்கிட்டக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டு வாங்குனேன். எங்கப்பா சொன்னாருங்கன்னு சொன்னேன். நீ சொன்னாலும் அது அவரு சொன்னதுதானக்கா.”

முன்னறையிலிருந்து நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்காளும் தம்பியும் உள்ளே வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. வேல்குமார் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தூக்குவதற்காக நான்கு பேர் தயாராக நின்றார்கள். அமராவதி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மகனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“என்ன தெரிஞ்சுது கண்ணு?”

“திருப்பூரு தெரிஞ்சுதும்மா. ரயில் ரோடு, ஆறு, சாயப்பட்டறைச் சிம்னியெல்லாம். அப்பறம் கோயமுத்தூரத் தாண்டிப் போயி ஒரே திருப்பா ஒரு திருப்புச்சு. வெள்ளியங்கிரி. கைய நீட்டுனாத் தொடற மாதிரி. காத்தால மழை பேஞ்சிருக்குமாட்டக்குது. பாறையில அங்கங்க வெள்ளையாத் தண்ணி எறங்குது.” அவன் பெட்டிக்குள் பார்த்தான். “இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. எத்தன தடவ வந்திருக்கேன். ஒரு தடவகூட ஜன்னலப் பாத்ததில்ல. போனத்தான் பாத்துட்டு வருவேன்.”

அமராவதி தலையை ஆட்டினாள். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பி, பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோலக் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள்.

“ஏனுங்க, வெள்ளியங்கிரி தெரிஞ்சுதாமுங்க. பாறையில தண்ணி எறங்குதாமா.”

அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. அதைத் துடைக்காமல் மகனிடம் திரும்பினாள்.

“அப்பறம்?”

தூக்க வந்தவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போய், உறுமிக்கொண்டிருந்த வண்டியின் டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.